யூனிவர்சிட்டி கூட கூட்டு சேரலாமா? கையெழுத்து போடறதுக்கு முன்னாடி என்னெல்லாம் கேக்கணும்?

வார்டு_வாசி

வணக்கம் மக்களே, கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிங்க.

நான் ஒரு இலவச கிளினிக்ல நிர்வாகம் பாக்கறேன், டாக்டர் கிடையாது. டிரஸ்ட் நடத்தற சின்ன இடம், வர்றவங்கள்ல சுகர், பிரஷர் கேஸ்தான் அதிகம். டாக்டர்கள் பார்ட் டைம்தான், மத்தபடி நர்ஸுங்களும் ஹெல்த் ஒர்க்கருங்களும்தான் வண்டியை ஓட்டறாங்க. இப்போ ஒரு பெரிய யூனிவர்சிட்டியோட மெடிக்கல் ஸ்கூல்லேர்ந்து ஆளுங்க வந்து சேர்ந்து வேலை பண்ணலாம்னு கேட்டிருக்காங்க. 3 வருஷ ப்ராஜெக்ட். ஸ்க்ரீனிங் கேம்ப் நடத்த ஆளும் மெஷினும் அவங்க தர்றாங்க, எச்பிஏ1சி (மூணு மாச சராசரி சுகர் காட்டற டெஸ்ட்), கிட்னி டெஸ்ட் எல்லாம் ஃப்ரீ, கூடுதலா ஒரு நர்ஸுக்கு சம்பளமும் உண்டு. பதிலுக்கு நாங்க எங்ககிட்ட வர்றவங்களோட பழைய ரெக்கார்டு, புதுசா எடுக்கற ரத்த சாம்பிள், அவங்க ஸ்டூடன்ட்ஸ் வந்து பழக இடம் இதெல்லாம் தரணும்.

கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா எம்ஓயூ (புரிந்துணர்வு ஒப்பந்தம்) டிராஃப்டை ராத்திரி உக்காந்து படிச்சா சில இடம் உறுத்துது. "சேகரிக்கப்படும் மாதிரிகள் எதிர்கால ஆய்வுகளுக்கும் பயன்படுத்தப்படலாம்"னு ஒரு வரி, எந்த ஆய்வு, யாரு பண்ணுவாங்கன்னு ஒண்ணும் இல்ல. அடுத்து, 3 வருஷம் முடிஞ்சப்புறம் என்னங்கறதுக்கு பேச்சே இல்ல. ரிசல்ட் வந்தா எங்களுக்கு சொல்லுவாங்களாங்கறதும் இல்ல.

எங்க கமிட்டில பாதிப்பேர் "இவ்ளோ பெரிய இடம் தேடி வந்திருக்கு, வேண்டாம்னா நம்மள விட ஏமாளி யாரு"ங்கறாங்க, மீதிப்பேர் "காரியம் ஆனதும் கழட்டி விட்டுடுவாங்க, நம்ம ஜனங்கள வெச்சு ஆராய்ச்சி பேப்பர் போட்டுட்டு போயிடுவாங்க"ங்கறாங்க. ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கற மாதிரியே படுது எனக்கு. இந்த மாதிரி கூட்டுல இருந்தவங்க, ஆராய்ச்சி பக்கம் வேலை பாக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, எதை கேக்கணும், எதுல விட்டுக்குடுக்கக் கூடாது?

---

லேப்_எலி

உங்களுக்கு உறுத்தின அந்த சாம்பிள் வரி சரியாத்தான் உறுத்தியிருக்கு, அதுலேர்ந்தே ஆரம்பிக்கறேன். நான் லேப் பக்கம், ஃப்ரீசர்ல ரத்த சாம்பிள அடுக்கி வெக்கறதே என் பொழப்பு.

அமெரிக்கால கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குல ஹவாசுபாய்னு ஒரு சின்ன பழங்குடி இருக்காங்க. அவங்களுக்குள்ள சுகர் வியாதி ரொம்ப அதிகம். 1990 வாக்குல அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆளுங்க வந்து, ஏன் இப்படி வருதுன்னு பாக்கறோம்னு சொல்லி ரத்தம் எடுத்தாங்க, ஜனங்களும் நம்பி குடுத்தாங்க. 2003லதான் தெரியுது, அதே ரத்தத்த வெச்சு மனநோய் பத்தி, சொந்தத்துக்குள்ள கல்யாணம் பத்தி, அவங்க முன்னோர் எங்கேர்ந்து வந்தாங்கங்கறது பத்தியெல்லாம் ஆராய்ச்சி நடந்திருக்குன்னு. அவங்க நம்பிக்கைப்படி அவங்க தோன்றினதே அந்த பள்ளத்தாக்குலதான், வேற கண்டத்துலேர்ந்து வந்தவங்கன்னு அவங்க ரத்தத்த வெச்சே இன்னொருத்தர் எழுதினா எப்படி இருக்கும் யோசிச்சு பாருங்க. கேஸ் போட்டாங்க, 2010ல 7 லட்சம் டாலர் குடுத்து, மிச்ச சாம்பிளையும் திருப்பி குடுத்து சமரசம் ஆச்சு. இதுல கவனிக்க வேண்டியது, கையெழுத்து போட்ட ஃபார்ம்ல நோய்களோட காரணம்ங்கற மாதிரி பொத்தாம்பொதுவா எழுதியிருந்துச்சு. உங்க டிராஃப்ட்ல இருக்கற "எதிர்கால ஆய்வுகள்" மாதிரியேதான்.

அதனால கன்சென்ட் ஃபார்ம்ல (பேஷன்ட் சம்மதம்னு கையெழுத்து போடற தாள்) மூணு கட்டம் போடச்சொல்லுங்க, பேஷன்ட் எதுல டிக் பண்றாரோ அதுதான் செல்லும். இந்த ஆய்வுக்கு மட்டும் பயன்படுத்தலாம்னு ஒண்ணு, சுகர், இதயம், கிட்னி சம்பந்தப்பட்ட வேற ஆய்வுக்கும் பயன்படுத்தலாம்னு ஒண்ணு, எதுக்கு வேணும்னாலும்னு ஒண்ணு. இது நாங்க பண்றதுதான், அவங்க முடியாதுன்னு சொன்னா சோம்பேறித்தனம்னு அர்த்தம். பாதில வேண்டாம்னு சொல்றவங்க சாம்பிள அழிச்சிடணும், அழிச்சதுக்கு எழுத்துல பதில் வரணும், இதையும் சேத்துக்கோங்க. சாம்பிள் வேற லேபுக்கோ கம்பெனிக்கோ போறதா இருந்தா அதுக்கு எம்டிஏன்னு தனி ஒப்பந்தம் இருக்கும், அதுல உங்க கையெழுத்தும் இல்லாம ஒரு ட்யூப் கூட வெளிய நகரக்கூடாதுன்னு எம்ஓயூலயே போட்டுடுங்க.

---

சந்தேக_சாமி

ஒரே வார்த்தை, டஸ்கீகி.

தெரியாதவங்களுக்காக: 1932லேர்ந்து 1972 வரைக்கும் அமெரிக்காவோட அலபாமால சிஃபிலிஸ்ங்கற பால்வினை நோய் இருந்த 399 கறுப்பின ஆம்பளைங்கள, நோய் இல்லாத 201 பேரோட சேத்து, சும்மா வேடிக்கை பாத்தாங்க. அரசாங்க சுகாதாரத் துறை நடத்தினது, கூட்டாளி யாருன்னா டஸ்கீகி இன்ஸ்டிட்யூட்ங்கற கல்வி நிறுவனம். 1940கள்லயே பென்சிலின் வந்தாச்சு, ஆனா இவங்களுக்கு குடுக்கல, குடுத்தா ஆராய்ச்சி கெட்டுடும்ல. பதிலுக்கு என்ன குடுத்தாங்க தெரியுமா, ஃப்ரீ செக்கப், ஃப்ரீ சாப்பாடு, செத்தா அடக்கத்துக்கு காசு. ஜனங்க நம்பி வந்ததுக்கு பெரிய காரணம் அந்த ஊர் நர்ஸ் ஒருத்தர், எல்லா வீட்டுக்கும் பழக்கம், அவங்க கூப்பிட்டா வருவாங்க.

ஃப்ரீ டெஸ்ட், ஒரு நர்ஸ் சம்பளம். எங்கயோ கேட்ட மாதிரி இல்ல? நான் சொல்லல, வார்டு_வாசி போட்ட லிஸ்ட்டை திருப்பி படிங்க.

---

நைட்_டியூட்டி

சாமி அண்ணே, நீங்க சொன்னது அத்தனையும் உண்மை, மறுக்கல. ஆனா அந்த கேவலம் வெளிய வந்ததாலதான் 1974ல அமெரிக்கால சட்டமே போட்டு, ஆராய்ச்சிய பரிசீலிக்க தனி குழு வேணும்னாங்க, 1979ல மனுஷங்கள வெச்சு ஆராய்ச்சி பண்றதுக்கான நெறிமுறைய சொல்ற பெல்மான்ட் அறிக்கை வந்துச்சு, இன்னைக்கு எதிக்ஸ் கமிட்டின்னு ஒண்ணு எல்லா இடத்துலயும் உக்காந்திருக்கறதுக்கு அதெல்லாம் பெரிய காரணம். அதுக்காக கமிட்டி பாத்துக்கும்னு தூங்கவும் முடியாதுதான், யூனிவர்சிட்டியோட கமிட்டில யூனிவர்சிட்டி ஆளுங்கதானே பெரும்பாலும். வார்டு_வாசி, எந்த கமிட்டி அப்ரூவ் பண்ணுது, அதுல வெளியாள் எத்தனை பேர், புகார் சொல்லணும்னா யார்கிட்ட போறதுன்னு கேளுங்க.

நான் நர்ஸ், ஆராய்ச்சி ப்ராஜெக்ட்ல களப்பணியும் பாத்திருக்கேன், அதனால எனக்கு தெரிஞ்ச பக்கத்த சொல்றேன். இந்த மொத்த விஷயத்துல முதல்ல கேக்க வேண்டியது கேம்ப் பத்தி. எல்லாரும் ஸ்க்ரீனிங்னா புண்ணியம்னு நினைக்கறாங்க. 1968லயே வில்சன், யுங்னர்னு ரெண்டு பேர் உலக சுகாதார நிறுவனத்துக்காக ஒரு வழிமுறை எழுதி வெச்சாங்க, எப்போ ஸ்க்ரீனிங் பண்ணலாம் எப்போ பண்ணக்கூடாதுன்னு, அதுல ஒண்ணு, கண்டுபிடிச்சா கன்ஃபர்ம் பண்ணவும் வைத்தியம் பாக்கவும் வசதி இருக்கணும்ங்கறது. ரொம்ப சாதாரணமா தெரியும், ஆனா நடக்கறது என்ன? கேம்ப்ல வரிசையா உக்கார வெச்சு விரல்ல குத்தி, பிரஷர் பாத்து, ஒரு சீட்டுல 180/110ன்னு எழுதி குடுத்து "டாக்டர பாருங்க"ன்னு அனுப்பிடறது. அந்த மனுஷன் எந்த டாக்டர பாப்பாரு? உங்க கிளினிக்குத்தான் வருவாரு. உங்ககிட்ட பார்ட் டைம் டாக்டர்தான். புதுசா வர்ற கூட்டத்துக்கு மாத்திரை ஸ்டாக் யாரு போடறது, கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்ல பாக்கற அளவு) ஏறியிருக்கறவர எங்க ரெஃபர் பண்றது, கண்ணு டெஸ்ட் யாரு பாப்பாங்க? அவங்க டேட்டா எடுத்துட்டு போயிடுவாங்க, வரிசை மட்டும் உங்க வாசல்ல நிக்கும். அதனால கேம்புக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு அவங்க கணக்கு போட்டா, அதுல எத்தனை பேருக்கு புதுசா நோய் தெரிய வரும், அவங்கள ஒரு வருஷம் ஃபாலோ-அப் பண்ண எவ்ளோ ஆள், எவ்ளோ மருந்துன்னு அதே தாள்ல கணக்கு கேளுங்க. அந்த கட்டம் காலியா இருந்துச்சுன்னா கேம்பே வேண்டாம்.

அடுத்து அந்த நர்ஸ் சம்பளம். கூடுதல் நர்ஸ் யாருக்கு கீழ வேலை பாப்பாங்க? ப்ராஜெக்ட் நர்ஸுன்னா ஃபார்ம் நிரப்பறதுலயே நாள் போயிடும், ஊசி போட ஆள் இல்லாம பேஷன்ட் நிக்கறப்போ கூட "இது என் டேட்டா கலெக்‌ஷன் நேரம்"னு சொல்ல வேண்டிய நிலைமை வரும், அவங்க மேல தப்பும் இருக்காது. பாதி நேரம் வைத்தியம், பாதி நேரம் ஆராய்ச்சின்னு எழுதி வாங்கிக்கோங்க. சம்பளம் உங்க மத்த நர்ஸுங்கள விட ரெண்டு மடங்கா இருந்தா அது தனி பிரச்சனை, உள்ளுக்குள்ள பொகைச்சல் ஆரம்பிச்சிடும், நல்ல ஆளுங்க எல்லாம் ப்ராஜெக்ட் பக்கம் தாவிடுவாங்க, 3 வருஷம் கழிச்சு அங்கயும் வேலை இருக்காது இங்கயும் ஆள் இருக்காது.

இதெல்லாம் சொல்லிட்டு, நல்லா நடந்ததையும் சொல்லணும், இல்லன்னா சாமி அண்ணன் கட்சில சேந்த மாதிரி ஆயிடும். கென்யால எல்டோரெட்ங்கற ஊர்ல மோய் யூனிவர்சிட்டியும் அமெரிக்காவோட இண்டியானா யூனிவர்சிட்டியும் 1989லேர்ந்து சேர்ந்திருக்காங்க. ஆரம்பத்துல டாக்டர், ஸ்டூடன்ட் ட்ரெய்னிங்தான். அப்புறம் எச்ஐவி வார்டுல ஜனங்க கொத்து கொத்தா சாக ஆரம்பிச்சதும், பாடம் நடத்திட்டு சும்மா இருக்க முடியாதுன்னு 2001ல ஆம்பாத்னு வைத்தியத் திட்டமே ஆரம்பிச்சாங்க. மாத்திரை குடுத்தா மட்டும் பத்தாது, வயித்துல ஒண்ணும் இல்லாம மாத்திரை எப்படி சாப்பிடுவான்னு சொந்தமா பண்ணை போட்டு பேஷன்ட்டுக்கு உணவு குடுத்தாங்க, வருமானத்துக்கு வழி பண்ணாங்க. பின்னாடி பிரவுன், ட்யூக், டொராண்டோன்னு நிறைய யூனிவர்சிட்டி வந்து சேர்ந்துச்சு, ஆராய்ச்சி பேப்பரும் ஏகப்பட்டது வந்துச்சு, ஆனா அவங்க வெச்சிருக்கற முறையே வைத்தியம் முன்னாடி, ஆராய்ச்சி பின்னாடிங்கறதுதான். 30 வருஷத்துக்கு மேல ஓடுது. 3 வருஷ ப்ராஜெக்ட்காரங்ககிட்ட இத எதிர்பாக்க முடியாதுதான், ஆனா இந்த வரிசைய எதிர்பாக்கலாம்.

---

கடைசி_பெஞ்ச்

நான் மெடிக்கல் ஸ்டூடன்ட், எங்கள மாதிரி ஆளுங்கள பத்தி ரெண்டு வரி. ஸ்டூடன்ட்ஸ ரெண்டு வாரத்துக்கு ஒரு பேட்ச்னு மாத்தி மாத்தி அனுப்பினா ஒத்துக்காதீங்க, உங்க நர்ஸுங்களுக்கு சொல்லிக் குடுத்து சொல்லிக் குடுத்தே தொண்டை வத்திடும், நாங்களும் போட்டோ எடுத்துட்டு கிளம்பிடுவோம். கொறைஞ்ச ஆள், நீண்ட நாள், அதான் ரெண்டு பேருக்கும் நல்லது. கூட ஒரு சீனியர் ஃபேகல்டி இல்லாம ஸ்டூடன்ட் தனியா பேஷன்ட்ட தொடக்கூடாது. சொல்லிக் குடுக்கற உங்க நர்ஸுக்கு யூனிவர்சிட்டி பேர்ல ஒரு பதவியும் படியும் கேளுங்க, பல இடத்துல குடுக்கறாங்க, கேட்டாத்தான் குடுப்பாங்க.

---

ஃபைல்_பொண்ணு

நான் ஒரு யூனிவர்சிட்டில கிராண்ட் ஆபீஸ்ல (ஆராய்ச்சிக்கு வர்ற நிதிய கவனிக்கற இடம்) இருக்கேன், அதாவது எதிர் பக்கம் 😀 ஆனா உங்க பக்கம் நின்னே சொல்றேன்.

முதல் விஷயம், எம்ஓயூன்னு எழுதறது பெரும்பாலும் கோர்ட்ல நிக்காது. நாம சேர்ந்து வேலை செய்ய ஆசைப்படறோம்னு ரெண்டு பேரும் சொல்லிக்கறது, அவ்ளோதான். போட்டோ எடுத்து வெப்சைட்ல போட உதவும். காசு, டேட்டா, சாம்பிள், யாருக்கு என்ன உரிமை, எப்போ யாரு விலகலாம் இதெல்லாம் தனித்தனி அக்ரிமென்ட்ல வரணும். அதனால எம்ஓயூல சண்டை போட்டு சக்திய வீணாக்காம, டேட்டா அக்ரிமென்ட் எங்க, சப்-அவார்டு (கிராண்ட்ல உங்க பங்க உங்களுக்கு எழுதி குடுக்கற ஒப்பந்தம்) எங்கன்னு கேளுங்க. அது இல்லாம வேலை ஆரம்பிக்க விடாதீங்க, ஆரம்பிச்சப்புறம் எங்க ஆபீஸ்ல உங்க ஃபைல் எந்த அலமாரில இருக்குன்னு எங்களுக்கே தெரியாது.

ரெண்டாவது, பட்ஜெட்டை முழுசா காட்டச்சொல்லுங்க. பேராசிரியருங்களுக்கு இதுல கூச்சம் வரும், வரட்டும். ஓவர்ஹெட்னு ஒண்ணு இருக்கு, கட்டடம், கரண்ட், எங்கள மாதிரி ஆளுங்க சம்பளம் இதுக்கெல்லாம் யூனிவர்சிட்டி கிராண்ட் மேல போடற சதவீதம். அமெரிக்க அரசோட மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்ஐஎச் பணத்துல அங்க இருக்கற பெரிய யூனிவர்சிட்டிங்க 50 சதவீதத்துக்கு மேலயும் வாங்கியிருக்கு, அதே பணத்துல வெளிநாட்டு நிறுவனத்துக்கு ரொம்ப வருஷமா 8 சதவீதம்தான். உங்க கிளினிக்குக்கும் வாடகை இருக்கு, கரண்ட் பில் இருக்கு, கணக்கு எழுத ஆள் வேணும். அவங்க டெஸ்ட் கிட்டை உங்க ஃப்ரிட்ஜ்லதானே வெப்பாங்க? அப்போ உங்களுக்கு ஓவர்ஹெட் எவ்ளோன்னு வாய் விட்டு கேளுங்க, ஜீரோன்னா ஏன்னு கேளுங்க.

மூணாவது, இதுலேர்ந்து மருந்தோ டெஸ்ட்டோ மெஷினோ வந்தா யாருக்கு? சுகர் ஆய்வுல அவ்ளோ தூரம் எங்க போகப்போகுதுன்னு நினைக்கலாம், ஆனா ரெண்டு பழைய கதை சொல்றேன். சுகர்னு சொன்னதால முதல்ல இன்சுலின். டொராண்டோ யூனிவர்சிட்டில 1921ல கண்டுபிடிச்சாங்க, லேப்ல தேவையான அளவு தயாரிக்க முடியல, 1922ல எலி லில்லி கம்பெனி கூட கூட்டு சேந்தாங்க. கண்டுபிடிச்சவங்க பேடன்ட்ட (காப்புரிமைய) தலா 1 டாலருக்கு யூனிவர்சிட்டிக்கே எழுதி குடுத்துட்டாங்க, கம்பெனிக்கு குறிப்பிட்ட காலத்துக்குத்தான் தனி உரிமை, அப்புறம் மத்தவங்களுக்கும் லைசன்ஸ் போச்சு. கடிவாளம் யூனிவர்சிட்டி கைல இருந்துச்சு. (அப்படி ஆரம்பிச்ச மருந்து இன்னைக்கு சில நாட்டுல என்ன விலை விக்குதுங்கறது வேற அழுகை.)

இன்னொண்ணு ஸ்டாவுடின், எச்ஐவி மருந்து. அப்போ அதுல பேடன்ட் அமெரிக்காவோட யேல் யூனிவர்சிட்டிகிட்ட, விக்கற உரிமை பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்க்விப்ங்கற மருந்து கம்பெனிகிட்ட இருந்துச்சு. 2001ல எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு, தென்னாப்பிரிக்கால விலை குறைஞ்ச ஜெனரிக் மருந்து கொண்டு வர அனுமதி குடுங்கன்னு யேல்கிட்ட கேட்டாங்க. யூனிவர்சிட்டி என்ன சொல்லுச்சு, உரிமைய கம்பெனிக்கு குடுத்துட்டோம், எங்க கைல இல்லன்னுச்சு. அப்புறம் யேல் ஸ்டூடன்ட்ஸே கொடி தூக்கினாங்க, அந்த மருந்த கண்டுபிடிச்ச பேராசிரியர் ப்ருசாஃபே விலை குறையணும்னு வெளிப்படையா சொன்னாரு, கொஞ்ச வாரத்துல கம்பெனி விலைய குறைச்சு, அங்க பேடன்ட்ட வெச்சு தடுக்க மாட்டோம்னு இறங்கி வந்துச்சு. ஆரம்பத்துல லைசன்ஸ் எழுதறப்பவே ரெண்டு வரி சேத்திருந்தா இந்த போராட்டமே வேண்டாம். உங்க அக்ரிமென்ட்லயும் அந்த ரெண்டு வரிய கேளுங்க: இந்த ஆய்வுலேர்ந்து எது வந்தாலும் இதுல கலந்துக்கிட்டவங்களுக்கு, உங்க கிளினிக்குக்கு கட்டுப்படியாகற விலைல கிடைக்கணும்னு. எங்க ஆபீஸ் முதல்ல மாட்டேன்னுதான் சொல்லும். திரும்ப கேளுங்க.

---

வார்டு_வாசி

அடேங்கப்பா, எல்லாருக்கும் நன்றி. நைட்_டியூட்டி அக்கா, கேம்ப் பத்தி நீங்க எழுதினத எங்க சீனியர் நர்ஸுக்கு படிச்சு காட்டினேன், "இதத்தான்டா நான் ஆரம்பத்துலேர்ந்து கத்தறேன்"ன்னாங்க. கமிட்டில யாரும் அவங்கள பேசவே விடல போலிருக்கு.

இன்னொரு சந்தேகம். பேப்பர்ல எங்க பேரு வரணும்னு கேக்கறது சின்னப்புள்ளத்தனமா? அவங்க நன்றிங்கற பகுதில கிளினிக் பேரு போடறோம்னு சொல்றாங்க.

---

தரவு_தாத்தா

சின்னப்புள்ளத்தனமே இல்ல தம்பி, கேளு. ஆனா பேர் மட்டும் கேட்டா போட்டுட்டு போயிடுவாங்க. மருத்துவ ஜர்னல் ஆசிரியர்கள் குழு வெச்சிருக்கற விதிப்படி ஆத்தர்னு பேர் வரணும்னா வேலைல உருப்படியான பங்கு இருக்கணும், எழுதறதுலயோ திருத்தறதுலயோ கை வெச்சிருக்கணும், கடைசி வடிவத்த ஒத்துக்கணும், தப்பு வந்தா பதில் சொல்லணும். அதனால உங்க டாக்டரும் அந்த சீனியர் நர்ஸும் ஆய்வு கேள்விய வடிவமைக்கற மீட்டிங்லயே உக்காரணும். அப்போ பேரு தானா வரும். நர்ஸ சேக்க முடியாதுன்னு எவனாவது சொன்னா ஏன்னு கேளு, விதில அப்படி எங்கயும் இல்ல.

அடுத்தது ரிசல்ட்ட ஜனங்களுக்கு திருப்பி சொல்றது. அமெரிக்கால ஃப்ரேமிங்ஹாம்னு ஒரு ஊர்ல 1948ல 5,209 பேர சேத்து இதய ஆய்வு ஆரம்பிச்சாங்க, 1971லேர்ந்து பாஸ்டன் யூனிவர்சிட்டி அதுல கூட்டு. பிரஷரும் கொலஸ்ட்ராலும் சிகரெட்டும் இதயத்துக்கு ஆபத்துன்னு இன்னைக்கு நாம சர்வசாதாரணமா சொல்றோமே, அதுல பெரும்பங்கு அந்த ஊர்க்காரங்க குடுத்தது. அவங்க புள்ளைங்க, பேரப்புள்ளைங்க வரைக்கும் அந்த ஆய்வுல சேந்தாங்க. யாரும் கட்டாயப்படுத்தல. ஒவ்வொரு தடவ பரிசோதனை முடிஞ்சதும் ரிப்போர்ட் அவங்களுக்கும் அவங்க டாக்டருக்கும் போகும். அவ்ளோ காலம் ஜனங்க கூட நிக்கறதுக்கு இது ஒரு காரணம்னு நான் நினைக்கறேன்.

ஜனங்களே முதல்ல கூப்பிட்டதும் உண்டு. பின்லாந்துல வட கரேலியான்னு ஒரு மாகாணம், நடுத்தர வயசு ஆம்பளைங்க மாரடைப்புல போய்ட்டே இருந்தாங்க. அங்க இருந்தவங்க 1971ல அரசாங்கத்துக்கு மனு போட்டாங்க, ஏதாவது பண்ணுங்கன்னு. 1972ல பெக்கா புஸ்கான்னு ஒரு இளம் டாக்டர் தலைமைல திட்டம் ஆரம்பிச்சது, உலக சுகாதார நிறுவனமும் சேந்துது. வீட்டுப் பெண்கள் சங்கத்த கூட்டி வெச்சு சமையல்ல வெண்ணெயயும் உப்பையும் எப்படி குறைக்கறதுன்னு ஊர் ஊரா பேசினாங்க, கடைக்காரங்ககிட்ட, பால் பண்ணைக்காரங்ககிட்ட பேசினாங்க. பல வருஷத்துல வேலை செய்யற வயசு ஆம்பளைங்க இதய நோய்ல சாகறது 80 சதவீதத்துக்கு மேல குறைஞ்சுது. எல்லாமே அந்த திட்டத்தாலன்னு சொல்ல முடியாது, மருந்தும் மாறிச்சு, நாடு முழுக்கவும் குறைஞ்சுதுதான். ஆனா உங்க ஜனங்களுக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டாங்களான்னு நீங்க கேக்கணும்ல. அவங்களுக்கு எச்பிஏ1சிய விட கால் புண்ணுக்கு கட்டு போட ஆள் வேணுமா இருக்கலாம்.

கடைசியா ஒண்ணு, நல்லதா கெட்டதான்னு அளக்கறது யாரு? 1954ல சால்க் போலியோ தடுப்பூசிய பெரிய அளவுல சோதிச்சப்போ, சுமார் 18 லட்சம் குழந்தைங்க அதுல கலந்துக்கிட்டாங்க. தடுப்பூசிய உருவாக்கினது பிட்ஸ்பர்க் யூனிவர்சிட்டி. கணக்கு பாத்து ரிசல்ட் சொன்னது மிச்சிகன் யூனிவர்சிட்டில தாமஸ் ஃப்ரான்சிஸ். 1955 ஏப்ரல் 12ல அவர் அறிவிச்சாரு. அவர் சால்க்கோட பழைய வாத்தியார்தான், அதை வேணா குறை சொல்லலாம், ஆனா செஞ்சவனே மார்க்கும் போட்டுக்கல. உங்க ப்ராஜெக்ட் வெற்றியான்னு சொல்ல வெளிய ஒரு ஆள் இருக்கட்டும்.

---

சந்தேக_சாமி

தாத்தா சொன்ன கடைசி விஷயத்துக்கு மட்டும் நான் ஓட்டு போடறேன். மத்தபடி 3 வருஷம் கழிச்சு இதே இடத்துல வந்து எழுதுங்க வார்டு_வாசி, பாப்போம்.

---

வார்டு_வாசி

எழுதறேன் சாமி சார் 🙂 அடுத்த மீட்டிங்குக்கு சீனியர் நர்ஸும் வர்றாங்க, அது முடிவாயிடுச்சு. கேம்பை முதல் வருஷம் வேண்டாம், இப்போ எங்ககிட்ட இருக்கற சுகர் பேஷன்ட்டுங்களுக்கு ஃபாலோ-அப் சரியா நடக்க உதவி பண்ணுங்க, அத ஆய்வா எடுத்துக்கோங்கன்னு கேக்கலாம்னு இருக்கோம். ஒத்துக்குவாங்களா தெரியல.

லேப்_எலி, ஒண்ணே ஒண்ணு. பழைய ரெக்கார்டுக்கு ஒவ்வொருத்தர்கிட்டயும் திரும்ப சம்மதம் வாங்கணுமா? பேரை எடுத்துட்டா போதும்ங்கறாங்க.

---

லேப்_எலி

பேரை எடுத்தா போதாது. லட்டான்யா ஸ்வீனின்னு ஒரு கம்ப்யூட்டர் ஆராய்ச்சியாளர், 1990கள்ல மாசசூசெட்ஸ்ல பேரெல்லாம் எடுத்துட்டு குடுத்த ஆஸ்பத்திரி டேட்டாவ வாங்கி, வாக்காளர் பட்டியலோட ஒப்பிட்டு, அந்த மாநில கவர்னரோட ரெக்கார்டையே கண்டுபிடிச்சாங்க. பிறந்த தேதி, ஆணா பெண்ணா, பின்கோடு, இந்த மூணு இருந்தாலே அமெரிக்கால 87 சதவீதம் பேர தனியா அடையாளம் காணலாம்னு பின்னாடி கணக்கும் போட்டாங்க. உங்க கிளினிக் சின்னது, ஒரு காலை எடுத்த 40 வயசு பொம்பளைன்னா யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

சம்மதம் இல்லாம பழைய ரெக்கார்ட பயன்படுத்த எதிக்ஸ் கமிட்டி சில சமயம் விலக்கு குடுக்கும், சட்டம் இடத்துக்கு இடம் மாறும், அதனால விலக்கு வாங்கியிருந்தா கடிதத்த காட்டச்சொல்லுங்க. அது வந்தாலும் பிறந்த தேதி குடுக்காதீங்க, வயசு போதும், அதுவும் அஞ்சு வருஷ அடுக்குல. விலாசம் வேண்டாம். எந்த நம்பர் எந்த பேஷன்ட்டுங்கற லிஸ்ட் உங்க கிளினிக்லயே பூட்டின அலமாரில இருக்கட்டும், அதோட சாவி ப்ராஜெக்ட் நர்ஸ்கிட்ட போகக்கூடாது. வாசல்ல ஒரு நோட்டீஸ் ஒட்டுங்க, என் ரெக்கார்டு வேண்டாம்னு சொல்றவங்க இந்த நாளுக்குள்ள சொல்லலாம்னு, படிக்கத் தெரியாதவங்களுக்கு நர்ஸ் வாயால சொல்லட்டும். யாராவது வேண்டாம்னா ஏன் எதுக்குன்னு கேக்காம எடுத்துடுங்க.